ஆவ் மாதத்துக்குச் சாப்பாட்டு அட்டவணை: எந்த நாளில் எது கூடாது?

பந்திப்பொறுப்பு கேட்டது:

எருசலேமில் 2026 ஜூலை 14 மாலை தொடங்கி 31 வரை நடக்கும் ஒரு தங்கும் வகுப்புக்குச் சாப்பாட்டு அட்டவணை போட வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் யூதர்கள். பாதிப் பேர் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு), பாதிப் பேர் செபார்தி (ஸ்பெயின், மத்தியக் கிழக்கு மரபு). யூத உணவு விதிகளான கோஷரில் சிக்கல் இல்லை, சமையலறைக்கு மேற்பார்வையாளர் உண்டு. ஆனால் இந்த நாட்கள் எபிரேய நாட்காட்டியின் ஆவ் மாதத்துக்குள் விழுவதால் கூடுதலாகச் சில கட்டுப்பாடுகள் வருகின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் கொள்முதல் செய்ய முடியும்.

எருசலேம் ஆலயம் அழிந்ததற்காக ஆவ் ஒன்பதாம் தேதி இருக்கும் உபவாசத்தை ஒரு நாட்காட்டி ஜூலை 22 என்கிறது, இன்னொன்று 23 என்கிறது. இறைச்சியை எந்த வேளையிலிருந்து நிறுத்துவது, கோழியும் மீனும் அதில் சேருமா, நடுவில் வரும் சனிக்கிழமைக்கு என்ன செய்வது? உபவாசத்துக்கு முந்தைய சாப்பாட்டில் முட்டையும் சாம்பலும் என்று இருக்கிறது. சாம்பலை எப்படிப் பரிமாறுவார்கள்?

இன்னொன்று. அஷ்கெனாசிக் குழுக்களுக்காகப் போட்ட பழைய அட்டவணைகள் இரண்டு கைவசம் உள்ளன. ஒன்றில் உபவாசத்துக்கு மறுநாள் காலை 11 மணிப் பந்தியிலேயே இறைச்சி இருக்கிறது. மற்றதில் நண்பகல் கழிந்த பிறகுதான். எது சரி?

பிறைக்கணக்கு எழுதியது:

தேதியை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். எபிரேய நாள் சூரியன் மறையும்போது தொடங்கும். ஆகவே இரண்டு நாட்காட்டியும் சரிதான்: உபவாசம் ஜூலை 22 புதன் மாலை தொடங்கி 23 வியாழன் இரவு முடிகிறது. எருசலேமில் அன்று சூரியன் மறைவது ஏறத்தாழ 7:40-க்கு, மறுநாள் உபவாசம் முடிவது 8:10 வாக்கில். துல்லியமான நிமிடத்தை அங்குள்ள ஜெப ஆலய அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அட்டவணைக்கு வேண்டிய தேதிகள் இவை. ஆவ் 1 ஜூலை 15 புதன், அதாவது 14-ஆம் தேதி மாலையே மாதம் பிறந்துவிடுகிறது. ஆவ் 9 ஜூலை 23 வியாழன். ஆவ் 15 ஜூலை 29 புதன். மாதத்துக்கு எப்போதும் 30 நாள், கடைசி நாள் ஆகஸ்ட் 13.

இனி ஒவ்வொரு ஆண்டும் யாரையும் கேட்காமல் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பஸ்கா பண்டிகையின் முதல் நாளான நிசான் மாதம் 15 எந்தக் கிழமையோ, அதே கிழமைதான் ஆவ் 9. நிசானில் மீதி 15 நாள், இயார் 29, சீவான் 30, தம்மூஸ் 29, ஆவில் 9. கூட்டினால் 112, சரியாகப் பதினாறு வாரம். இந்த மாதங்களின் நீளம் எந்த ஆண்டிலும் மாறாது என்பதால் கணக்கு பிசகாது. 2026-இல் பஸ்கா ஏப்ரல் 2 வியாழன், உபவாசமும் வியாழன். பஸ்காவின் முதல் நாள் திங்கள், புதன், வெள்ளியில் வராதபடி நாட்காட்டி அமைந்திருப்பதால் ஆவ் 9-உம் அந்தக் கிழமைகளில் வராது. ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி என்ற நான்குதான்.

ஆங்கிலத் தேதி மட்டும் நன்றாகவே நகரும். 2013-இல் ஆவ் 9 ஜூலை 16. 2016-இல் ஆகஸ்ட் 13. சந்திர மாதங்களைப் பருவத்தோடு ஒட்டவைக்க 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதம் கூட்டுவதால் வரும் ஊசலாட்டம் இது. எந்த ஆண்டானாலும் கோடையை விட்டு வெளியே போகாது.

ஏட்டுச்சுருள் எழுதியது:

இறைச்சிக் கேள்விக்கு வருகிறேன். 'ஆவ் பிறந்ததும் மகிழ்ச்சியைக் குறைக்கிறோம்' என்பது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் வாக்கு, அதில் உபவாசங்களைப் பற்றிய தாஅனித் பகுதி, நாலாம் அதிகாரம். இறைச்சியும் திராட்சை ரசமும் விடுவது அதிலிருந்து வளர்ந்த வழக்கம். வழக்கம் என்பதால்தான் ஊருக்கு ஊர், மரபுக்கு மரபு வேறுபடுகிறது.

அஷ்கெனாசியருக்கு மாதம் பிறந்த கணத்திலிருந்தே தடை. உங்கள் முதல் பந்தி ஜூலை 14 மாலை என்கிறீர்கள், இங்கேதான் கவனம் வேண்டும். அன்று சூரியன் மறையும் முன்பே சாப்பாடு முடிந்தால் இறைச்சி போடலாம். எட்டு மணிக்குப் பந்தி என்றால் கூடாது. வரவேற்பு விருந்து என்று இறைச்சி வாங்கி வைத்துவிட்டு, பயணக் களைப்பில் வருகிறவர்கள் தாமதமாக உட்கார்ந்தால் பாதிப் பேர் தட்டைத் தொடமாட்டார்கள். முதல் நாள் இரவே மீன் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. செபார்தியரில் பலர் மாதப் பிறப்பு நாளில் இறைச்சி சாப்பிட்டு, மறுநாளிலிருந்து விடுவார்கள். கலப்புக் குழுவுக்குக் கடுமையான பக்கத்தைப் பின்பற்றினால் யாருக்கும் சங்கடம் இல்லை.

கோழி இறைச்சிதான். எலும்புச் சாறு போட்ட சூப்பும் அப்படியே. மீன், முட்டை, பால் பொருள்கள் தாராளமாக ஆகும். இறைச்சி சமைக்கும் பாத்திரத்தில் இறைச்சி இல்லாத ஒன்றைச் சமைத்தால் அதைச் சாப்பிடத் தடையில்லை. ஆனால் அதே பந்தியில் பாலாடைக்கட்டியும் இருந்தால், இறைச்சியையும் பாலையும் கலக்கக் கூடாது என்ற கோஷர் விதி குறுக்கே வரும். ஒன்பது நாளும் பால் பக்கப் பாத்திரங்களுக்கு வேலை கூடும். அந்தப் பக்கத் தட்டும் கரண்டியும் தலைக்கணக்குக்குப் போதுமா என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான சமையலறைகளில் இறைச்சிப் பக்கத் தளவாடமே அதிகம் இருக்கும். மூன்றாம் நாள் வந்த பிறகு இது தெரிந்தால் ஓட வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை ஓய்வுநாளில் துக்கத்தைக் காட்டக் கூடாது என்பதால் ஜூலை 17 வெள்ளி இரவும் 18 சனி பகலும் இறைச்சி, திராட்சை ரசம் இரண்டும் உண்டு. சனி இரவு ஓய்வுநாளை வழியனுப்பும் ஹவ்தாலா சடங்குக்கு ஒரு கிண்ணம் ரசம் வேண்டும். அதைக் குடிக்கும் வயதுள்ள சிறுவனுக்குக் கொடுப்பது அஷ்கெனாசி மரபு, பெரியவரே குடிப்பது செபார்தி மரபு. சிறுவர்கள் இல்லாத குழுவென்றால் கொஞ்சம் பீர் வாங்கி வையுங்கள், அதிலும் ஹவ்தாலா சொல்வார்கள்.

இந்த ஓய்வுநாளுக்கு ஷப்பாத் ஹஸோன் என்று பெயர், 'ஹஸோன்', அதாவது 'தரிசனம்' என்று தொடங்கும் ஏசாயா முதல் அதிகாரம் வாசிக்கப்படுவதால். தோராவில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களில், அன்று வாசிக்கும் பகுதி உபாகமத்தின் தொடக்கம். அதில் 1:12-ஆம் வசனம் 'ஏஹா', அதாவது 'எப்படி' என்ற சொல்லில் தொடங்கும். அஷ்கெனாசி வாசகர் அந்த ஒரு வசனத்தை மட்டும் புலம்பல் நூலின் இராகத்துக்கு மாற்றிப் பாடிவிட்டு, அடுத்த வசனத்தில் வழக்கமான இராகத்துக்குத் திரும்பிவிடுவார். புலம்பலும் அதே 'ஏஹா'வில்தான் தொடங்குகிறது. ஐந்து நாள் கழித்து வரப்போவதை ஒரே வசனத்தில் காதுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

சமையலுக்கு வெளியே ஒன்று: துணி. ஒன்பது நாளும் அஷ்கெனாசியர் துணி துவைக்க மாட்டார்கள், புதிதாகத் துவைத்ததை உடுத்தவும் மாட்டார்கள். செபார்தியருக்கு இது உபவாசம் விழும் வாரத்தில் மட்டும், இந்த ஆண்டு ஜூலை 19 ஞாயிறு முதல். விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே நாலைந்து சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றி வைத்துக்கொள்வார்கள், அப்போது அது 'புதிதாகத் துவைத்தது' ஆகாது. விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் நாளை 14-க்கு முன்பே வைத்துவிடுங்கள்.

நடுப்பகல் எழுதியது:

பந்திப்பொறுப்பு, அந்தப் பழைய அட்டவணைகள் எந்த ஆண்டுக்குப் போட்டவை?

பந்திப்பொறுப்பு எழுதியது:

காலை 11 மணிக்கு இறைச்சி உள்ளது 2022. நண்பகலுக்குப் பிறகு என்பது 2024.

நடுப்பகல் எழுதியது:

அப்படியானால் இரண்டும் சரி. இரண்டையும் அப்படியே நகலெடுத்தால் உங்களுக்கு இரண்டும் தவறு.

2022-இல் ஆவ் 9 சனிக்கிழமையில் விழுந்தது. ஓய்வுநாளில் இந்த உபவாசம் கிடையாது. ஒரு நாள் தள்ளி ஞாயிறு, அதாவது ஆவ் 10 அன்று வைத்தார்கள். இப்படித் தள்ளிப்போனதை 'நித்ஹே' என்பார்கள். 2024-இல் ஆவ் 9 செவ்வாய், தள்ளிப்போகவில்லை.

மறுநாள் கட்டுப்பாடு ஏன் வந்தது என்று தெரிந்தால் வேறுபாடு தானாக விளங்கும். ஆலயம் எரிந்த நாளை 2 இராஜாக்கள் 25 ஐந்தாம் மாதம் ஏழாம் தேதி என்கிறது, எரேமியா 52 பத்தாம் தேதி என்கிறது. மிஷ்னாவின் விளக்க நூலான தல்மூத் இரண்டையும் இணைக்கிறது: எதிரிகள் ஏழாம் நாள் உள்ளே நுழைந்தார்கள், ஒன்பதாம் நாள் மாலை தீ வைத்தார்கள், பத்தாம் நாள் முழுவதும் எரிந்தது. பெரும்பகுதி எரிந்தது பத்தாம் நாளில்தான், நான் அந்தத் தலைமுறையில் இருந்திருந்தால் உபவாசத்தைப் பத்தில்தான் வைத்திருப்பேன் என்று ரப்பி (யூத மத ஆசான்) யோஹனான் சொன்னதாக அங்கேயே வருகிறது. ஆகவே உபவாசம் ஒன்பதில் முடிந்தாலும் பத்தாம் நாளின் துக்கம் தொடர்கிறது. இறைச்சியும் ரசமும் பத்தாம் நாள் முழுவதும் வேண்டாம் என்பது செபார்தியர் பின்பற்றும் ஷுல்ஹான் ஆரூஹ் என்ற சட்டநூல். நண்பகல் வரை போதும் என்பது அந்நூலுக்கு ரெமா என்ற அறிஞர் எழுதிய, அஷ்கெனாசியருக்கு வழிகாட்டும் குறிப்பு.

நித்ஹே ஆண்டில் உபவாசமே பத்தாம் நாளில் நடந்துவிடுகிறது. இரவு பிறப்பது பதினொன்று. அன்றைய துக்கத்தின் தொடர்ச்சியாக அந்த ஒரு இரவு மட்டும் அஷ்கெனாசியர் இறைச்சியும் ரசமும் தவிர்ப்பார்கள், விடிந்தால் தடையில்லை. துவைப்பது, குளிப்பது, முடி வெட்டுவது அன்றிரவே ஆகும். 2022 அட்டவணையில் காலை 11 மணிக்கு இறைச்சி வந்தது இப்படித்தான்.

2026 வியாழக்கிழமை ஆண்டு. பத்தாம் நாள் வெள்ளி. ஆக வியாழன் இரவும் வெள்ளி மதியமும் மீன் அல்லது பால் சாப்பாடு, வெள்ளி இரவு ஓய்வுநாள் விருந்துக்கு இறைச்சி. இப்படி வைத்தால் இரண்டு மரபுக்கும் பொருந்தும். வெள்ளி பகலில் அந்த விருந்துக்காக இறைச்சி சமைக்கத் தடையில்லை, சாப்பிடுவதற்குத்தான் தடை. ஓய்வுநாள் வருவதால் துவைப்பதும் முடி வெட்டுவதும் வெள்ளி காலையிலிருந்தே ஆகும் என்பது நடைமுறை. சலவையறையைக் காலையிலேயே திறந்து வையுங்கள், கூட்டம் அள்ளும்.

அடுத்த நித்ஹே 2029: ஆவ் 9 ஜூலை 21 சனி, உபவாசம் 22 ஞாயிறு. 2026 அட்டவணையை அதற்கு எடுத்தால் பிழைகள் பல வரும். சனி மாலை முட்டை-சாம்பல் சாப்பாடு கிடையாது, இறைச்சியோடு சாதாரண ஓய்வுநாள் சாப்பாடுதான், சூரியன் மறையுமுன் முடித்தாக வேண்டும். ஹவ்தாலா இரண்டாகப் பிரியும்: சனி இரவு விளக்குக்கான ஆசீர்வாதம் மட்டும், ஞாயிறு இரவு கிண்ணம் மட்டும், வாசனைப் பொருள் இரண்டிலும் இல்லை. அட்டவணைத் தாளின் மேலே ஆண்டை மட்டும் போடாமல் ஆவ் 9-இன் கிழமையையும் போட்டு வையுங்கள். அடுத்து அதை எடுப்பவருக்கு ஆண்டை விடக் கிழமைதான் உதவும்.

ஏட்டுச்சுருள் எழுதியது:

நடுப்பகல் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஜூலை 22 மாலையையும் 23-ஐயும் வேளை வேளையாக எழுதுகிறேன்.

நாலு மணி வாக்கில் வயிறு நிறையும் சாப்பாடு, இறைச்சி இல்லாமல். உப்பும் காரமும் குறையுங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இருபத்தைந்து மணி நேரம் ஒரு சொட்டு நீர் இல்லாத உபவாசம் இது, அதுவும் எருசலேமின் ஜூலை வெயிலில். காப்பி பழகியவர்களுக்கு வரும் தலைவலி பசியை விட மோசம். நாலைந்து நாள் முன்பிருந்தே கோப்பையைக் குறைக்கச் சொல்லி உணவுக்கூட வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள்.

பிறகு பிற்பகல் ஜெபம். அது முடிந்து சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்போது செஊதா மஃப்செகெத், உபவாசத்துக்கு முந்தைய கடைசிச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு ரொட்டி, ஓடு உரித்த ஒரு அவித்த முட்டை, தண்ணீர். முட்டையைக் கெட்டியாக அவித்து ஆறவிட்டுவிடுங்கள், சூடாகக் கொடுப்பதில்லை. சமைத்த பண்டம் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். அந்த ஒன்று முட்டையே. பாவம் பசிப்பார்களே என்று ஒரு கிண்ணம் பருப்புச் சூப்பை வைத்தால் இரண்டாகிவிடும், யாரும் தொட முடியாது. அடிக்கடி நடக்கும் தவறு இது. பச்சைக் காய், பழம் இருக்கலாம்.

சாம்பல்: சுத்தமான விறகு எரித்த சாம்பல் மட்டும், சலித்தது. அடுப்புக்கரி பற்றவைக்கும் திரவம் பட்டதோ, அட்டை, காகிதம் எரித்ததோ கூடாது, வாய்க்குள் போகிற பொருள். நாலு பேருக்கு ஒரு சிறு தட்டில் இரண்டு சிட்டிகை போதும். ரொட்டித் துண்டையோ முட்டையையோ அதில் லேசாகத் தொட்டு, 'இது ஒன்பதாம் ஆவின் சாப்பாடு' என்று சொல்லிச் சாப்பிடுவார்கள். மேசை போடாதீர்கள். தரையில் உட்காருவார்கள். மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கூட்டாக நன்றி ஜெபம் சொல்லும் கடமை வந்துவிடும் என்பதால் ஒவ்வொருவரும் தனித்தனியே, கொஞ்சம் விலகி இருப்பார்கள். சுவரோரமாக இடம் ஒதுக்குங்கள். இது முடிந்தாலும், உபவாசத்தை அப்போதே ஏற்றுக்கொள்வதாக ஒருவர் தீர்மானித்தாலொழிய, சூரியன் மறையும்வரை தண்ணீர் குடிக்கலாம். குடத்தை உடனே எடுத்துவிடாதீர்கள்.

இரவில் ஜெப ஆலயத்தில் தோராச் சுருள்கள் இருக்கும் பேழையின் திரையை எடுத்துவிடுவார்கள். விளக்குகளைக் குறைத்து, தோல் செருப்பு இல்லாமல் தரையில் அமர்ந்து புலம்பல் வாசிப்பார்கள். ஐந்து அதிகாரம். முதல் நான்கும் எபிரேய அகரவரிசையில் கட்டப்பட்டவை: 22 எழுத்து, 22 வசனம், மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66. ஐந்தாவதிலும் 22 வசனம் உண்டு, ஆனால் வரிசை குலைந்திருக்கும். அகர வரிசைகூட மிஞ்சாத அழிவு என்றுதான் எனக்கு அது எப்போதும் படுகிறது. கடைசி வசனம் கசப்பாக முடிவதால், அதற்கு முந்தைய 'எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும்' என்ற 5:21-ஐச் சபை முழுவதும் உரக்கச் சொல்லும், பிறகு வாசகரும் மறுபடி சொல்லி முடிப்பார்.

23 பகலில் சமையலறைக்கு ஒரு விதி: நண்பகல் வரை இரவுச் சாப்பாட்டு வேலையைத் தொடங்குவதில்லை. கோடை நேரக் கணக்கில் எருசலேமின் நண்பகல் 12:45 வாக்கில், 12 மணி அல்ல. அதுவரை தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ இருப்பவர்கள் அதற்குப் பிறகு நாற்காலிக்கு மாறுவார்கள். குளிப்பதும் முகம் கழுவுவதும் இல்லை, காலையில் கை கழுவுவதும் விரல் கணு வரைதான். ஆனால் சமையலுக்காகக் காய் கழுவும்போது கை நனைவது தடையில் வராது. யூதப் பணியாளர்களுக்குத் துணி அல்லது ரப்பர் காலணி வேண்டும்.

இரவு முதலில் தண்ணீர், பிறகு லேசான சாப்பாடு. பலர் ஒரு வாய் சாப்பிட்டு, காலணி மாட்டிக்கொண்டு வெளியே போய் நிலவை வாழ்த்தும் ஜெபம் சொல்லிவிட்டு வருவார்கள். இரண்டாம் பந்தி ஒன்று தேவைப்படும். வெளியே சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம் என்று 22 இரவை விட்டுவிடாதீர்கள். உணவகங்களையும் கேளிக்கை இடங்களையும் அன்று மூடவைக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இஸ்ரேலில் உண்டு. உபவாசம் இருக்காத பணியாளருக்கும் உங்கள் சமையலறையிலிருந்தே கொடுக்க வேண்டிவரும்.

பந்திப்பொறுப்பு எழுதியது:

கிழமையைத் தாளின் மேலேயே எழுதிவிட்டேன், நன்றி. இரண்டு சின்னக் கேள்விகள். மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால்? அன்று எதிர்ப்படுகிறவர்களுக்கு என்ன சொல்லி வணக்கம் வைப்பது?

நடுப்பகல் எழுதியது:

நோயாளிகளுக்கு இந்த உபவாசம் இல்லை. உயிருக்கு ஆபத்து இல்லாவிட்டாலும் நோய் என்றாலே சாப்பிடலாம் என்பது இதில் உள்ள சலுகை. பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் போல் கடுமை இல்லை. சிறிய உபவாசங்களில் விலக்குப் பெறும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இதில் இருக்க வேண்டும் என்று நூல் சொல்கிறது, ஆனால் உடல் தளர்ந்தால் நிறுத்திவிட வேண்டும். முடிவு அவர்களும் மருத்துவரும் ரப்பியும் சேர்ந்து எடுப்பது. உங்கள் வேலை, பகலில் ஒரு தனி அறையில் ரொட்டியும் தண்ணீரும் வைத்து, கேள்வி கேட்காமல் கதவைத் திறந்து வைப்பது. பெண்பிள்ளைகளுக்கு 12, ஆண்பிள்ளைகளுக்கு 13 வயது ஆகும்வரை கட்டாயமில்லை. அவர்களுக்கு மூன்று வேளையும் எளிய சாப்பாடு வேண்டும்.

வணக்கம் வேண்டாம். அன்று ஒருவரையொருவர் 'ஷாலோம்' சொல்லி வரவேற்பதில்லை. நீங்கள் சொன்னால் மரியாதைக்காகத் தாழ்ந்த குரலில் பதில் தருவார்கள், அவ்வளவே. முந்தைய நாள் 'த்ஸோம் கல்', உபவாசம் எளிதாகட்டும் என்று சொல்லலாம்.

பிறைக்கணக்கு எழுதியது:

ஆவ் 15, ஜூலை 28 மாலை தொடங்கும் து பெ-ஆவ் என்ற மகிழ்ச்சி நாள் விட்டுப்போய்விட்டது. அதற்கென்று கட்டாயச் சாப்பாடு எதுவும் இல்லை, ஜெபத்தில் மன்றாட்டுப் பகுதியை விட்டுவிடுவதுதான் அடையாளம். எருசலேமின் பெண்கள் இரவல் வாங்கிய வெள்ளை உடையில் திராட்சைத் தோட்டங்களில் ஆடிய நாள் என்று மிஷ்னா சொல்கிறது. உடை இல்லாதவள் வெட்கப்படக் கூடாது என்பதற்காக எல்லாருமே இரவல்தான் வாங்குவார்கள். பலிபீடத்துக்கு விறகு வெட்டுவதை நிறுத்தும் நாளும் அதுவே. வெயிலின் வலு குறைந்து, அதற்குப் பிறகு வெட்டும் மரம் சரியாகக் காயாது என்பது தல்மூத் தரும் காரணம். இன்று இஸ்ரேலில் திருமணங்களுக்கு விரும்பும் நாள். அன்று இரவு மண்டபமோ இசைக்குழுவோ வேண்டுமென்றால் இப்போதே சொல்லி வையுங்கள், கடைசி வாரத்தில் கிடைக்காது.